பழுது பார்த்த பாத்டப்பில் பெயின்ட் நிலைக்க

ஃபைபர் பாத்டப்பில் விழுந்த விரிசலை எபாக்ஸி ரெசினும் கண்ணாடியிழைத் துணியும் வைத்து அடைத்துவிட்டீர்கள். ஒட்டுப்போட்ட இடம் மட்டும் தனியாகத் தெரிகிறது. உடனே பெயின்ட் அடித்துவிட மனம் துடிக்கும். ஆனால், பிற்பாடு பெயின்ட் உரிவதற்குப் பெரும்பாலும் காரணம், அடிப்பதற்கு முன் செய்யாமல் விட்ட வேலைதான்.

முதலில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அடியில் தாங்கல் போதவில்லை. அதைச் சரிசெய்யாவிட்டால் மேலே எதைப் பூசினாலும் விரிசல் திரும்ப வரும்.

அடுத்து, சுவரோரம் உள்ள பழைய சிலிக்கானை முழுவதும் சுரண்டி எடுங்கள். அதன்மேல் பெயின்ட் ஒட்டாது. எபாக்ஸி இறுகும்போது மேலே மெழுகுபோன்ற ஒரு படலம் படிவதுண்டு. அது தண்ணீரில் கரையும். தேய்த்துக் கழுவிய பிறகே உப்புத்தாளை எடுங்கள்.

ஒட்டின் மேடுபள்ளத்தை 120ஆம் எண் தாளால் சமன்செய்து, 220, 400 என்று நைசான தாளுக்குப் போங்கள். டப் முழுவதும் பளபளப்பு மங்கும்வரை தேய்க்க வேண்டும். வழவழப்பான பரப்பில் பெயின்ட்டுக்குப் பிடிப்பு இல்லை. பிறகு தூசியைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அக்ரிலிக் டப் என்றால் துடைப்பதற்கு அசிட்டோனைத் தொடவே கூடாது; அது அக்ரிலிக்கைக் கரைத்துவிடும்.

சுவருக்கு அடிக்கும் எனாமல் இங்கே உதவாது. டப்புக்கென்றே வரும், ஹார்டனர் கலந்து பூசும் இருபகுதி பெயின்ட் வாங்குங்கள். டின்னில் சொன்ன அளவிலேயே கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று எபாக்ஸியில் ஹார்டனரைக் கூட்டினால், மிஞ்சியது இறுகாமல் பூச்சை மென்மையாக்கிவிடும். ஒரே தடவையில் கனமாக அடிக்காமல் மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஈரப்பதம் மிகுந்த மழைநாளைத் தவிருங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். சாதாரணத் துணி மாஸ்க் ரசாயன ஆவியைத் தடுக்காது. அதற்கான ஃபில்டர் வைத்த மாஸ்க் அணியுங்கள்.

சிலிக்கான் வைப்பது கடைசி வேலை. பெயின்ட் முழுமையாக இறுகியதும் டப்பில் தண்ணீர் நிரப்புங்கள். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ எடை. அந்தப் பாரத்தில் டப் சற்றே இறங்கி, சுவரோர இடைவெளி அகலும். அப்போது பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிக்கானை அந்த இடைவெளியில் நிரப்பி, அது இறுகும்வரை தண்ணீரை அப்படியே விடுங்கள். காலி டப்பில் சிலிக்கான் வைத்தால், தண்ணீர் நிரம்பும்போதெல்லாம் அது இழுபட்டு நாளடைவில் பிரிந்துவிடும்.

இனி ஆசிட்டும் தேய்க்கும் பவுடரும் வேண்டாம். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் விரிப்பும் பெயின்ட்டைப் பிய்த்தெடுக்கும். மெல்லிய சோப்புநீரும் துணியும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, டின்னில் போட்டிருக்கும் இறுகும் நேரத்தில் ஒரு மணிநேரத்தைக்கூடக் குறைக்காதீர்கள்.