பாய்லருக்குப் பக்கத்தில் பெண்ணுக்கு இடம் உண்டா?

வடசென்னையின் காத்திவாக்கத்தில் விடியற்காலை நாலு மணிக்கே டீக்கடை பாய்லர்கள் கொதிக்க ஆரம்பித்துவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர்கள், முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள், கடலிலிருந்து கரையேறிய மீனவர்கள் என எல்லோருக்கும் அங்கேதான் பொழுது விடிகிறது. இந்தக் கடைகளில் பெண்களும் வேலை செய்கிறார்கள். பின்பக்கம் உட்கார்ந்து கிளாஸ் கழுவுகிறார்கள், வடைக்கு அரைக்கிறார்கள், வெங்காயம் நறுக்குகிறார்கள், கடை கட்டியதும் பெருக்கித் துடைக்கிறார்கள். பாய்லருக்குப் பக்கத்திலும் கல்லாவிலும் நிற்பவர்கள் ஏறக்குறைய எப்போதும் ஆண்கள்தான். காபி போடும் மாஸ்டருக்கு ஒரு கூலி, கிளாஸ் கழுவும் அம்மாவுக்கு அதைவிடக் குறைந்த கூலி. வேலை வேறு என்பதால் கூலியும் வேறு என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

அநியாயம் நுழையும் வழி இதுதான். ஒரே வேலைக்கு ஆணுக்கொரு கூலி, பெண்ணுக்கொரு கூலி என்பதை 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடை செய்தது. ஆனால் வேலையையே இரண்டாகப் பிரித்து, கூலி கூடிய பாதியை ஆணுக்கும் குறைந்த பாதியைப் பெண்ணுக்கும் ஒதுக்கிவிட்டால், கணக்குப் புத்தகத்தில் தவறு எதுவும் தெரியாது. காபித் தொழில் மலையில் தொடங்கி கடைத்தெரு வரை இந்தப் பிரிவினையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மலையில் தொடங்கும் பிரிவினை

குடகு, சிக்மகளூர், வயநாடு, நம்முடைய ஏற்காடு, தாண்டிக்குடி என எந்தக் காபித் தோட்டத்துக்குப் போனாலும் பழம் பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களுடையவை. உலக அளவிலும் இதே நிலைதான். காபி உற்பத்தியில் 70 சதவீதம் வரையான உழைப்பு பெண்களுடையது என்று சர்வதேச காபி அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. பெண்கள் பொறுப்பில் நடக்கும் தோட்டங்களோ 20 முதல் 30 சதவீதம்தான்.

பறித்த பழம் காய்ந்து கியூரிங் ஒர்க்ஸுக்கு வந்தபிறகு நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தோல் நீக்கித் தரம் பிரித்த கொட்டைகளைக் குவித்துவைத்து, அதன் முன்னால் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது, நிறம் வெளுத்தது என்று ஒவ்வொன்றாக விரல் நுனியால் பொறுக்கி ஒதுக்குவார்கள். கண் பார்ப்பதும் விரல் எடுப்பதும் ஒரே நொடியில் நடக்கும். நாலைந்து கறுப்புக் கொட்டைகள் தப்பினாலும் குடிப்பவரின் நாக்கில் கசப்பு ஏறும். ஏற்றுமதிக் காபியின் பெயரைக் காப்பாற்றியவை இந்த விரல்கள்தான். இருந்தும் இந்த வேலை, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய சாதாரண வேலைக் கணக்கிலேயே பெரும்பாலும் எழுதப்பட்டது. நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தபோது முதலில் குறைந்ததும் இவர்களுடைய வேலைதான். அப்படி வந்த இயந்திரத்தை இயக்குபவர் திறன் பெற்ற தொழிலாளி ஆனார்.

தரம் பார்ப்பதில் பெண்ணுக்கு உயர்ந்த நாற்காலி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் காபி வாரியத்தில் ருசி பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர் சுனாலினி மேனன். ஆண்கள் மட்டுமே இருந்த துறை அது. அங்கே தரக் கட்டுப்பாட்டின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். பிறகு பெங்களூரில் காபிலேப் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, உலகமே மதிக்கும் நிபுணரானார். கொட்டை பொறுக்கிய பெண்களிடமும் அதே கண்ணும் அதே கவனமும் இருந்தன. அவர்களுக்குக் கிடைக்காமல் போனவை பயிற்சியும் பதவியும்.

கடைக்குள் இருந்த வேலி

காபிக்கடையில் யார் எங்கே நிற்கலாம் என்ற கேள்வி சென்னைக்குப் புதிதல்ல. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் போராட்டம் நடத்தினார். மாதக்கணக்கில் மறியல் நடந்தது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையை விட்டுப் போனது. காபி ஆற்றும் கை எந்தச் சாதியுடையது என்று பார்ப்பது வெட்கக்கேடு என்று இந்த நகரம் அன்றைக்குக் கற்றுக்கொண்டது. அந்தக் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று பார்க்கும் பழக்கத்துக்கு மட்டும் மறியல் நடக்கவில்லை.

பெண்ணை ஏன் பாய்லரிடம் விடுவதில்லை என்று கேட்டால் சூடு, கூட்டம், விடியற்கால நேரம் என்று காரணம் சொல்வார்கள். சூட்டையும் கூட்டத்தையும் பொறுத்தவரை பதில் நம் கண்ணெதிரே இருக்கிறது. 2013-ல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் தொடங்கியபோது, அவற்றை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கையில் கொடுத்தது. விடியற்காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்து, ஆயிரக்கணக்கில் இட்லி வேகவைத்து, நீண்ட வரிசையைச் சமாளித்து, காசும் வாங்கிப்போட்டவர்கள் பெண்கள்தான். உணவகத்தின் முன்பக்கத்தைப் பெண்கள் நடத்த முடியுமா என்ற கேள்விக்கு வடசென்னையின் தெருக்களிலேயே பதில் கிடைத்துவிட்டது.

காபி போடுவதும் கற்றுக்கொடுத்தால் வரக்கூடிய வேலைதான். டிகாஷன் எவ்வளவு கெட்டியாக இறங்க வேண்டும், சிக்கரி எவ்வளவு, பால் எந்தப் பதத்தில் பொங்க வேண்டும், எத்தனை முறை ஆற்றினால் நுரை நிற்கும் என்பதெல்லாம் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பதால் வருவது. பையன்கள் கிளாஸ் கழுவச் சேர்ந்து, இரண்டு மூன்று வருடத்தில் மாஸ்டர் ஆகிறார்கள். பத்து வருடம் கழுவிய அம்மா கழுவிக்கொண்டே இருக்கிறார். சம ஊதியச் சட்டத்துக்கு 1987-ல் வந்த திருத்தம் இதைத்தான் தொட்டது. ஆள் எடுப்பதோடு பயிற்சி, பதவி உயர்வு ஆகியவற்றிலும் பெண்ணுக்குப் பாகுபாடு கூடாது என்றது. கூலிக் கணக்கைப் பார்த்த நாம் இந்த வரியைப் பார்க்கவே இல்லை.

காபி போடுபவர்களுக்கான உலக பாரிஸ்டா சாம்பியன்ஷிப் 2000-ல் தொடங்கியது. அதை ஒரு பெண் வெல்ல 2018 வரை ஆனது. போலந்தைச் சேர்ந்த அக்னியெஷ்கா ரொயெவ்ஸ்கா அந்த முதல் பெண். பாய்லர் எஸ்பிரெசோ மெஷினாக மாறினாலும் வழி திறக்கத் தாமதம் ஆகத்தான் செய்கிறது.

இந்த ஊருக்கு ஏன் அவசரம்?

காத்திவாக்கத்துப் பெண்களில் பலர் மீன் விற்றும், கழிமுகத்தில் இறால் பிடித்தும் குடும்பம் நடத்தியவர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தைத் தூர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மீன்பாடு குறைந்த வீடுகளிலிருந்து பெண்கள் வேலை தேடி வெளியே வருகிறார்கள். நடக்கும் தூரத்தில் கிடைப்பது டீக்கடை, கேன்டீன், ஹவுஸ்கீப்பிங். அந்த வேலையிலும் கடைசிப் படியிலேயே நிறுத்திவைத்தால், கடலில் போன வருமானத்தை அவர்கள் கரையில் ஒருநாளும் ஈட்ட முடியாது.

திருநங்கைகளுக்கு அந்தக் கடைசிப் படியும் கிடைப்பதில்லை. தமிழ்நாடு 2008-லேயே அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுடைய பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. வேலையில் பாகுபாடு கூடாது என்று 2019-ல் மத்தியச் சட்டமும் வந்தது. 2023-ல் ஸ்டார்பக்ஸ் இந்தியா, திருநங்கையான மகளை அவள் தேர்ந்துகொண்ட பெயரால் அப்பா ஏற்றுக்கொள்ளும் விளம்பரத்தை வெளியிட்டது. பாராட்டும் வந்தது, எதிர்ப்பும் வந்தது. விளம்பரத்தில் அவள் வாடிக்கையாளர். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் சம்பளத்தோடு நிற்க வேண்டியதுதான் அடுத்த படி. அதற்கு வேலை மட்டும் போதாது என்பதைக் கொச்சி மெட்ரோ காட்டியது. 2017-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த திருநங்கைகளில் சிலர், வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லாததால் வேலையை விட்டார்கள்.

கைபிடித்து நிறுத்தினால் நிற்பார்கள் என்பதற்குச் சென்னையில் ஓர் உதாரணம் ரைட்டர்ஸ் கஃபே. குடும்ப வன்முறையில் தீக்காயம் பட்டு மீண்ட பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பி.சி.வி.சி. தொண்டு நிறுவனத்தின் துணையோடு 2017-ல் அது தொடங்கியது. தழும்போடு வாடிக்கையாளர் முன்னால் நிற்பவர்களைச் சென்னை ஏற்றுக்கொண்டது.

என்ன செய்யலாம்?

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கடையில் பெண்ணுக்குப் பாலியல் தொல்லை நேர்ந்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். காத்திவாக்கம் 2018-லிருந்து சென்னை மாவட்டம். ஆகவே அந்தக் குழுவிடம் நேரில் புகார் தர அவர் ராஜாஜி சாலையில் இருக்கும் கலெக்டர் ஆபீஸ்வரை போக வேண்டும். ஒருநாள் கூலி போகும், முதலாளிக்கும் தெரிந்துவிடும். திருவொற்றியூர் மண்டல அலுவலகத்திலேயே மாதம் ஒருநாள் அந்தக் குழு உட்கார்ந்து புகார் வாங்கினால் சட்டம் இந்த ஊருக்கு வந்து சேரும்.

கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. காபிக்கடைக்கும் அதே நியாயம்தான். ஒரு ஸ்டூல், பூட்டக்கூடிய கழிவறை, கைக்குழந்தையை விட விடியற்காலையில் திறக்கும் அங்கன்வாடி ஆகிய மூன்றும் இருந்தால் விடியற்கால நேரம் என்ற சாக்கும் போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக்காரர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கழுவும் பெண்ணுக்கு மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் டிகாஷன் இறக்கக் கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொண்டபின் மாஸ்டருக்குக் கொடுக்கும் கூலியையே கொடுங்கள். சங்கங்கள் அதைக் கேட்க வேண்டும், சுயஉதவிக் குழுக்கள் அதற்குப் பயிற்சி தர வேண்டும். நல்ல காபிக்குக் கை மணம் வேண்டும் என்று சொல்கிறவர்கள் நாம். அந்தக் கைக்கு உரிய கூலியைக் கொடுப்பதும் நம் பொறுப்புதான்.