சேவல் ஏன் ஆட்களை விரட்டுகிறது?

பெல்மடுல்லயிலிருந்து எம்பிலிப்பிட்டிய செல்லும் வீதியில் உள்ள கொடகவெலவைச் சுற்றிய தேயிலை, இறப்பர் தோட்டங்களில், லயத்து வாசலில் நாலைந்து கோழிகள் மேய்வது பழகிய காட்சி. 2022 பொருளாதார நெருக்கடியின்போது வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று அரசாங்கம் உச்ச விலை நிர்ணயிக்கும் நிலை வந்தது. வீட்டுக் கோழியிடும் முட்டையின் அருமை அப்போது பலருக்கும் புரிந்தது.

ஆனால் அந்தக் கோழிகளோடு நிற்கும் சேவல் ஆட்களை விரட்டத் தொடங்கினால் பிரச்சினை வேறு. லயத்து வாசல் எல்லோருக்கும் பொதுவானது. ஒரு வீட்டுச் சேவல் அடுத்த காம்பராப் பிள்ளையைக் கொத்தினால் அது இரண்டு வீட்டுச் சண்டையாகிவிடும்.

காயத்தையும் சிறிதாக எண்ண முடியாது. சேவல் பாய்வது சிறு பிள்ளையின் முகத்துக்கு நேரான உயரத்தில், கண்ணுக்கே ஆபத்து. தெற்கு அவுஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண்ணின் காலில் சேவல் கொத்தியதில், புடைத்திருந்த இரத்த நாளம் கிழிந்து அவர் இறந்துபோனதை 2019இல் தடயவியல் மருத்துவர்கள் பதிவு செய்தனர். கால் நரம்பு சுருண்டு புடைத்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கொத்துப்பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி, ஏற்பு ஊசி தேவையா என்று வைத்தியசாலையில் கேட்க வேண்டும். விசர்நாய்க்கடி நோய் பாலூட்டிகளின் நோய். சேவல் கொத்தி அது வராது.

சேவலுக்கு நம்மீது வஞ்சம் எதுவும் இல்லை. ஐந்தாறு மாதத்தில் பருவமடையும்போது ஆண் ஓமோன் கூடி, பேடுகளைக் காவல் காப்பது அதன் வேலையாகிறது. கோழிக்கூட்டத்தில் யார் பெரியவர் என்ற வரிசை உண்டு. நோர்வே ஆய்வாளர் ஷெல்டரப் எப்பே 1920களிலேயே இதை விளக்கினார். குஞ்சிலிருந்து மடியில் வைத்துக் கொஞ்சி வளர்த்த சேவலுக்கு மனிதர்மேல் பயம் இருக்காது. வளர்ந்ததும் அது நம்மையும் இன்னொரு சேவலாக நினைத்து மோதிப் பார்க்கும்.

பாய்வதற்கு முன் சேவல் அடையாளம் காட்டும். கழுத்து இறகு சிலிர்க்கும். ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடனமாடுவதுபோல் வரும். அப்போது முதுகைக் காட்டி ஓடினால் 'நான் வென்றேன்' என்று அது படித்துக்கொள்ளும். விளக்குமாற்றால் அடித்தாலோ, அதைச் சண்டைக்கான அழைப்பாக எடுத்து மறுநாளும் வரும். நேராக நின்று, அது விலகும் வரை நிதானமாக ஓரடி முன்வைப்பதே சரி. மழை ஓயாத இரத்தினபுரியில் குடை எப்போதும் கையருகே இருக்கும். விரித்து முன்னால் பிடித்தால் நல்ல கேடயம். சிறு பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பை விடக்கூடாது. அவர்கள் பிள்ளைமடுவத்துக்கும் பள்ளிக்கும் போய்வரும் நேரத்தில் சேவலை அடைத்து வைக்க வேண்டும்.

அடுத்தது இடமும் எண்ணிக்கையும். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பேடுகள் என்பது பொதுவான கணக்கு. மூன்று பேடுகளுக்கு இரண்டு சேவல் நின்றால் சண்டை ஓயாது. பேடுகளின் முதுகு இறகும் உதிரும். தீனியை இரண்டு மூன்று இடத்தில் வைப்பது நல்லது. கால் முள்ளுக்குள் எலும்பும் இரத்தமும் இருப்பதால் கூரிய நுனியை மட்டும் அரத்தால் மழுக்கலாம். இரவில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைந்திருக்கும்போது பிடிப்பது சுலபம். சாதுவாக இருந்த சேவல் திடீரென்று மூர்க்கமானால் நோயோ காயமோ இருக்கலாம். பிரதேச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்ட வேண்டும்.

சில வாரம் முயன்றும் மாறாத சேவலை இனப்பெருக்கத்துக்கு வைக்கக்கூடாது. மூர்க்கம் ஓரளவு குஞ்சுகளுக்கும் இறங்கும். அதைக் கறியாக்குவதில் தவறில்லை. விற்பதானால் குணத்தைச் சொல்லியே விற்க வேண்டும். முனியாண்டிக்கோ மாடசாமிக்கோ நேர்ந்துவிட்டதென்றால், திருவிழா வரை தனிக்கூட்டில் தீனி, தண்ணீர், நிழலோடு வைத்திருக்கலாம்.

முட்டைக்காக மட்டும் கோழி வளர்ப்பவர்களுக்குச் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும். குஞ்சு மட்டுந்தான் பொரிக்காது. இடம் குறுகிய லயத்தில், அடைவைக்கப் போகும் முட்டைகளைப் பேடு இடத் தொடங்குவதற்கு முன்பிருந்து, அவற்றை இட்டு முடிக்கும் வரை மட்டும் அயல்வீட்டுச் சாதுவான சேவலை வாங்கி விட்டாலே போதும்.