தாயின் மொழியும் குழந்தையின் தேவையும்

தாய்மொழி என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் ஓர் இனத்தின் மொழி என்ற பொருளிலேயே ஆள்கிறோம். குழந்தை மொழியை ஆராயும் மொழியியலுக்கோ அது முதற்கண் தாயின் மொழி. ஒரு தாய் தயக்கமின்றிக் கொஞ்சவும் கண்டிக்கவும் தேற்றவும் வல்ல மொழி. வேற்று நாட்டில் குடியேறி, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தையை வளர்க்கும் தாயிடம், அம்மொழியையே கைவிடுமாறு சொல்லப்படுவதுண்டு. அவ்வறிவுரைக்கு ஆதாரம் உண்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

நம் ஜொகூரிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டிலிருந்து மணமாகி இங்கு வரும் பெண், வாழ்க்கைத் துணைக்குரிய நீண்டகால வருகை அனுமதியில் தங்குகிறார். மலேசியரான கணவருக்கு அவர் இங்குப் பெற்றெடுக்கும் குழந்தையோ குடியுரிமை உடையது. பிள்ளை குடிமகன்; தாய் வருகையாளர். அப்பிள்ளைக்கு ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ இருப்பது தெரியவரும்போது, பதிவுப் படிவம் மலாயில் வருகிறது; பேச்சுப் பயிற்சி பெரும்பாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடைபெறுகிறது. சமூக நலத்துறை வழங்கும் அட்டைக்கு ஓகேயூ என்று பெயர். ‘ஓராங் கூராங் உப்பாயா’ என்பதன் சுருக்கம் அது. அதிலுள்ள ‘உப்பாயா’, நாம் ‘உபாயம்’ என வழங்கும் வடசொல்லேயாகும். உறவுடைய சொல்லாயினும், படிவத்தில் அதைக் காணும் தாய்க்கு அது அயற்சொல்லே.

இந்நிலையில்தான் அந்த அறிவுரை வருகிறது: ‘குழந்தைக்கு ஒரு மொழியே சுமை, வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள்.’ சொல்பவர் நல்லெண்ணத்துடனேயே சொல்கிறார். மூளை ஒரு நாழி போன்றது, ஒரு மொழியை ஊற்றினால் மற்றொன்றுக்கு இடமிராது என்பது அதன் அடியிலுள்ள கருத்து. இருமொழி பேசுதல் அறிவை மழுக்கும் என்று ஒரு காலத்தில் அறிஞர் பலரும் நம்பினர். கனடாவின் மொன்றியல் நகரில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் பத்து வயதுப் பிள்ளைகளிடம் நிகழ்த்தி 1962இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையை அசைத்தது. எனினும், ‘இயல்பான பிள்ளைக்கு அது பொருந்தலாம், குறைபாடுள்ள பிள்ளைக்குப் பொருந்துமா?’ என்ற ஐயம் எஞ்சி நின்றது.

அதற்கும் விடை கிடைத்துள்ளது. எலிசபெத் கே-ரெய்னிங் பேர்டும் அவர்தம் குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள இருமொழிக் குழந்தைகளின் ஆங்கிலம், அதே நிலையிலுள்ள ஒருமொழிக் குழந்தைகளின் ஆங்கிலத்தைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளை ஆராய்ந்த ஹாம்ப்ளியும் ஃபொம்பொன்னும், இருமொழிச் சூழலால் கூடுதல் தாமதம் விளையவில்லை என 2012இல் எழுதினர். இரண்டாம் மொழி குறைபாட்டைப் போக்கும் என்று இவ்வாய்வுகள் கூறவில்லை. அதனைப் பெருக்குவதில்லை என்பதே இவை காட்டுவது.

மாறாக, தமிழை நிறுத்துவதால் விளையும் இழப்பு கண்கூடானது. ஆங்கிலத்தில் முந்நூறு சொல் மட்டும் அறிந்த தாய், அம்மொழியில் பேச முற்படும்போது ‘வா, உட்கார், சாப்பிடு’ என்னும் ஏவல்களோடு நின்றுவிடுவார். கதை போய்விடும், கேலி போய்விடும், தாலாட்டு போய்விடும். ‘தால்’ என்பது நா. நாவசைத்துப் பாடும் பாட்டே தாலாட்டு. சொற்பொருள் அறியுமுன் குழந்தை பற்றிக்கொள்வது அந்த ஓசையையும் ஏற்ற இறக்கத்தையுமே. பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைக்கு இவை இன்னும் இன்றியமையாதவை. ஊரிலுள்ள பாட்டியோடு தொலைபேசியில் பேசும் வாய்ப்பும் தமிழோடு சேர்ந்தே மறையும்.

மொழித்தடையின் மறுபக்கம் தாயின் தனிமை. இதற்குத் தமிழர் கண்ட வழிக்குக் கனடாவிலேயே சான்றுண்டு. ஈழத்தமிழர் பெருவாரியாகக் குடியேறிய டொரொண்டோவின் ஸ்கார்பரோவில், கீதா மூர்த்தி 2008இல் தெற்காசியக் குடும்பங்களுக்கென ஓர் ஆட்டிசம் மையத்தை நிறுவினார். தம் மொழியும் வழக்கமும் அறிந்தவரிடம் ஐயம் கேட்க முடிகின்ற இடத்தில், தாய் பயிற்சியில் பங்காளியாகிறார். மொழி புரியாத இடத்தில் அவர் பிள்ளையை அழைத்து வருபவராக மட்டுமே நின்றுவிடுகிறார்.

செவிப்புலன் குறைந்த குழந்தையின் நிலை சற்று வேறு. அங்குத் தாயே புதுமொழி கற்க வேண்டியவராகிறார். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், மலேசியச் சைகை மொழியைக் காது கேளாதோரின் அதிகாரபூர்வ மொழியாக ஏற்கிறது. ஆயினும் அதைக் கற்கும் தாய்க்கு முதல் விளக்கம் தமிழில் கிடைத்தால் பாதி வழி குறுகும்.

ஆசிரியர்களும் நாளை ஆசிரியராகவுள்ள மாணவர்களும் செய்யக்கூடியவை சில உள. ‘வீட்டில் தமிழ் வேண்டா’ என்று சொல்லாதிருப்பது முதலாவது. குழந்தைக்குத் தெரிந்த சொற்களைக் கணக்கிடும்போது தமிழ்ச் சொற்களையும் சேர்த்தெண்ணுவது இரண்டாவது. மலாயில் பத்தும் தமிழில் முப்பதும் அறிந்த பிள்ளையைப் பத்துச் சொல் பிள்ளை எனக் குறிப்பது பிழையான அளவை. வகுப்பில் பயன்படும் பட அட்டைகளில் தமிழ்ப் பெயரையும் எழுதி வீட்டுக்கு அனுப்புவது மூன்றாவது. மருத்துவச் செய்தியைத் தாய்க்கு மொழிபெயர்க்கும் பொறுப்பை அக்குழந்தையின் அண்ணன் அக்காள்மீது சுமத்தாமை நான்காவது.

மலாயும் ஆங்கிலமும் அக்குழந்தைக்குத் தேவையே. அவற்றைப் பள்ளி கற்பிக்கும். தமிழை அக்குழந்தைக்குத் தரவல்லவர் வீட்டிலிருக்கும் தாய். அவர் நாவைக் கட்டாதிருப்பது நம் கடமை.