ஒரு குழாய்க்குள் இரண்டு வயர்கள்

2020ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மகளின் படிப்பு கணினிக்கு மாறியது. றவுட்டர் முன் விறாந்தையில் இருந்தது. அவள் படிக்கும் அறையோ பின்பக்கம். இடையில் இரண்டு சுவர்கள். இணைப்பு அடிக்கடி அறுந்தது. ஆள் பிடித்தால் கூலி கொடுக்க வேண்டும். வேலி அடைப்பது முதல் ஓடு மாற்றுவது வரை நானே செய்து பழகியவள். எனவே நெற்வேர்க் கேபிள் வாங்கி நானே இழுத்தேன்.

சுவரில் மின்வயர் செல்லும் பிளாஸ்டிக் குழாய் ஏற்கெனவே இருந்தது. இன்னொரு குழாய்க்கு ஏன் காசு என்று நினைத்துக் கேபிளையும் அதற்குள்ளேயே விட்டேன். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது.

சில மாதங்களின் பின் ஒருநாள் இணையம் நின்றது. மகள் கேபிளைக் கழற்றி, முனையிலுள்ள உலோகப் பற்களை விரலால் துடைத்தாள். "ஐயோ அம்மா!" என்று அலறினாள். அதே கணம் ரிப் சுவிச் விழுந்து வீடு இருண்டது. அந்தச் சுவிச்தான் என் பிள்ளையைக் காப்பாற்றியது.

மறுநாள் வந்த மின்வேலைத் தம்பி குழாயைத் திறந்தார். "அக்கா, ரண்டையும் ஒண்டாய் விட்டது ஆர்?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். கூரையோரம் எலி கடித்து, மின்வயரின் செம்பு கேபிளின் கம்பியில் முட்டிக்கொண்டிருந்தது.

அவர் சொல்லித்தான் காரணம் விளங்கியது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நெற்வேர்க் கேபிளுக்குள் செல்வதோ சில வோல்ட் மட்டுமே. அதிலுள்ள எட்டு மெல்லிய கம்பிகளின் உறை வீட்டு மின்சாரத்தைத் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. அவை இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருப்பதால் அருகிலுள்ள மின்வயரின் இடைஞ்சல் பெருமளவு குறையும். ஆனால் அந்த முறுக்கு ஷொக் அடிப்பதைத் தடுக்காது.

சகோதரிகளே, கேபிள் இழுக்கும்போது இவற்றை மறவாதீர்கள்:

* மின்வயர் செல்லும் குழாய்க்குள்ளோ பெட்டிக்குள்ளோ கேபிளை விடாதீர்கள். தனிக் குழாய் போடுங்கள்.

* இரண்டும் பக்கத்தில் செல்ல நேர்ந்தால் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். குறுக்கே கடக்க வேண்டுமானால் சிலுவைபோல் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

* சுவரில் துளையிடுமுன் உள்ளே மின்வயர் செல்கிறதா என்று பாருங்கள். சுவிச்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் கீழேயும் துளையிடாதீர்கள்.

* கேபிளின்மேல் ஆணி அடிக்காதீர்கள். அதற்கென்றுள்ள கிளிப்பைப் பாவியுங்கள்.

* அடுத்த வீட்டுக்கு வெளியால் கேபிள் இழுக்காதீர்கள். இடி மின்னல் அதன் வழியே உள்ளே வரும். இடிமுழக்கம் தொடங்குமுன் றவுட்டரின் மின்பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.

* மின்வயரில் நீங்கள் கைவைக்க வேண்டாம். அதைத் தேர்ந்த மின்வேலையாளரிடம் விடுங்கள்.

இன்று எங்கள் கேபிள் எதிர்ச் சுவரில் தனிக் குழாயில் செல்கிறது. அந்தக் குழாயின் விலை, அன்று நான் மிச்சம் பிடிக்க நினைத்த சிறு தொகைதான். மாதத்தில் ஒருநாள் ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். சுவிச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதைத் திருத்தும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

எம்மால் செய்ய முடியாத வேலையல்ல இது. தெரிந்துகொண்டு செய்ய வேண்டிய வேலை.