உங்களுக்குத் தெரியுமா? க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மூன்று காலி வீடுகள்!

உலக எழுத்துகளுக்கான கணினித் தரமான யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய முதல் தொகுதியில் 128 இடங்கள். நிரம்பியவை 72. க-வுக்கும் ங-வுக்கும் நடுவே மட்டும் மூன்று காலி!

• காரணம், இந்திய மொழிகள் பலவற்றுக்கும் ஒரே வரிசை வகுத்த ‘இஸ்கி’ தரம். அதன் 1988 வடிவத்தை யூனிகோட் பின்பற்றியது. இந்தியில் நான்கு ககரங்கள், தமிழில் ஒன்று. மற்ற மூன்றின் இடமும் அப்படியே நின்றுவிட்டது.

• இஸ்கியைத் திரைக்குக் கொண்டுவந்த ‘ஜிஸ்ட்’ தொழில்நுட்பம் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்தது, வளர்ந்தது புனேயின் சி-டாக் கணினி ஆய்வு மையத்தில்.

• புனேயின் வாகட் பகுதியில் ஒருவர் கைபேசியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடுக்கு 5 குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். பக்கத்து வீட்டுக்காரர் தேவநாகரியில் ‘मराठी’ (மராத்தி) என்று தட்டினாலும் அதே 3, 5, 15 கணக்குதான்!

• ‘கெ’ சேமிக்கப்படும்போது க முன்னே, கொம்பு பின்னே. திரையில் கொம்பு முன்னால் தாவிவிடும்.

• இப்படிப்பட்ட சிக்கல்களைக் கூடிப் பேச, தமிழ்க் கணிமை ஆர்வலர்கள் 2000-இல் தொடங்கிய அமைப்பு ‘உத்தமம்’.