பிடிபடுவோம் என்ற பயம் எங்கே?

மாணவர்களே, 2019 மார்ச் 7ஆம் நாள் ஜொகூர், பாசிர் கூடாங்கில் பள்ளிக்குச் சென்ற மாணவர்கள் சிலருக்குத் திடீரென மூச்சுத் திணறல் ஏற்பட்டது. அருகே ஓடும் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டியிருந்தார்கள்.

ஆறு உடனே முழுமையாகத் துப்புரவு செய்யப்படவில்லை. நான்கு நாள் கழித்து நச்சு வாயுவின் பாதிப்பு பன்மடங்கானது. மார்ச் 13 அன்று அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. 2,700க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றனர்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. அபாயகரமான கழிவை உரிமம் பெற்ற நிலையத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஆற்றில் கொட்டினால் ஐந்தாண்டு வரை சிறையும் 500,000 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கலாம் என்பது அன்றைய நிலை.

பிறகு ஏன் கொட்டினார்கள்? கணக்கு எளிது. கழிவை முறையாக அகற்ற ஒவ்வொரு முறையும் பணம் கட்ட வேண்டும். திருட்டுத்தனமாகக் கொட்ட ஒரு லோரிப் பயணம் போதும். அபராதமோ பிடிபட்டால் மட்டுமே. பிடிபட மாட்டோம் என்று ஒருவர் நம்பிவிட்டால், சட்டத்தில் எழுதியிருக்கும் தொகை அவரை அச்சுறுத்தாது.

அமலாக்கம் ஒரே நாளில் தளர்வதில்லை. ஒரு தொழிற்சாலைச் சோதனை தள்ளிப்போகும். ஓர் அதிகாரியின் இடம் நிரப்பப்படாமல் கிடக்கும். ஒரு புகார் கோப்பிலேயே உறங்கும். சட்டத்தில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. ஆனால் அதன் பல் உதிர்ந்திருக்கும்.

அதற்கு விலை கொடுப்பவர்கள் பொதுமக்கள். கிம் கிம் ஆற்றைத் துப்புரவு செய்ய 6.4 மில்லியன் ரிங்கிட் செலவாகும் என்று அப்போது கூறப்பட்டது. அன்றைய உச்ச அபராதம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

2024இல் சட்டம் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 10 மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், ஆற்றோரம் நின்று கண்காணிக்க ஆள் வேண்டுமே! பெரிய அபராதம் அரிதாக விழுவதைவிட, நடுத்தர அபராதம் தவறாமல் விழுவதே குற்றவாளியைத் தயங்க வைக்கும்.

உங்கள் வீட்டருகே கால்வாயின் நிறம் மாறியிருக்கிறதா? நெடி வீசுகிறதா? அருகில் போகாதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லி, இடம், நாள், நேரம் ஆகியவற்றுடன் சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் அனுப்புங்கள். இரண்டு வாரம் கழித்து, “என் புகார் என்னவாயிற்று?” என்று மறவாமல் கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால், கோப்பு உறங்காது.