ஒரு வீட்டில் இரண்டு நாய்கள்

ஒரு வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று பழைய நாய். மற்றொன்று குட்டியாக வந்தது. முதலில் இரண்டும் சேர்ந்து விளையாடின. குட்டி பெரிதானதும் சண்டை தொடங்கியது. சோற்றைக் கண்டால் உறுமல். படுக்கும் இடத்துக்குக் கடி. வீட்டுக்காரர் கம்பை எடுக்கிறார். நாய்கள் ஓடுகின்றன. மறுநாள் மீண்டும் சண்டை.

நம் நாட்டில் பல வீடுகளில் இப்படி நடக்கிறது.

ஏன் சண்டை?

நாய் காரணம் இல்லாமல் சண்டை போடாது. சோறு, எலும்பு, படுக்கும் இடம், வளர்ப்பவரின் அன்பு ஆகியவற்றுக்காகவே பெரும்பாலும் சண்டை வருகிறது. காதில் புண், மூட்டில் வலி இருந்தாலும் நாய் சீறும்.

"அடித்தால் அடங்கும்" என்று சிலர் சொல்வார்கள். இது தவறு. மற்ற நாய் பக்கத்தில் வந்தால் தனக்கு அடி விழுகிறது என்றே நாய் புரிந்துகொள்ளும். பகை கூடும்.

எப்படித் தெரிந்துகொள்வது?

சண்டைக்கு முன் நாயின் உடல் விறைக்கும். கண் முறைக்கும். முதுகு மயிர் சிலிர்க்கும். பல்லைக் காட்டி உறுமும். உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமியதற்காக அடித்தால், அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும். ஆகவே அடிக்க வேண்டாம். ஒரு நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேறு இடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

இரண்டுக்கும் தனித்தனித் தட்டு வேண்டும். ஒன்றுக்கு வாசலில் சோறு வைத்தால், மற்றதற்குக் கொல்லையில் வைக்க வேண்டும். தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிட வேண்டும். படுக்கவும் தனித்தனிச் சாக்கு போட வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்டி, கருத்தடை செய்வது பற்றியும் கேட்கலாம்.

சண்டை மூண்டுவிட்டால் கையை நடுவில் விடக் கூடாது. குழந்தைகளை விலக்க வேண்டும். வாளித் தண்ணீரை மேலே ஊற்றலாம். தகரத்தைத் தட்டி ஓசை எழுப்பலாம். பிரிந்ததும் தனித்தனியே கட்ட வேண்டும்.

கடிபட்டால்?

விலக்கப் போனவரை நாய் கடித்துவிடலாம். வீட்டு நாய்தானே என்று சும்மா இருக்கக் கூடாது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைக்கக் கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் போடும் பழைய ஊசியை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். அந்த மருந்து 2004இல் நிறுத்தப்பட்டது. இப்போது கையில்தான் ஊசி போடுகிறார்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஊசி போட்டால் தடுக்கலாம்.

நாய்க்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். மருத்துவர் சொல்லும் காலத்தில் மீண்டும் போட வேண்டும். சாதுவான நாய் திடீரென்று எல்லோரையும் கடிக்க வருகிறதா? எச்சில் ஒழுகுகிறதா? அதன் அருகே போகக் கூடாது. மருத்துவருக்கு உடனே சொல்ல வேண்டும்.

நாயை விரட்டலாமா?

சண்டை போடும் நாயைச் சிலர் வேறு ஊரில் விட்டுவிடுகிறார்கள். வளர்த்த நாயைப் பசியில் வாடும்படி கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது அங்கே தெருநாய்களிடம் கடிபடும். பசியில் ஆட்களையும் கடிக்கலாம்.

சோறும் இடமும் தனித்தனியே கிடைத்தால் பல நாய்களின் சண்டை குறைந்துவிடும். அதற்குச் செலவு இல்லை. பொறுமை வேண்டும்.